தாளில் 15/15 என்று இருக்கிறது, ஆனால் என்னால் ஒரு பில்லைக் கூட்ட முடியவில்லை

நிழல்தேடி:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதை நாலு நாளாகத் துண்டு துண்டாக எழுதிச் சேர்த்திருக்கிறேன், ஒரே மூச்சில் எழுத என்னால் முடியாது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 41. கணக்குப் பிரிவில் 16 வருட வேலை. 14 மாதத்துக்கு முன்பு பைக்கில் இருந்து விழுந்து தலையில் அடி. மண்டைக்குள் ரத்தம் கட்டி அறுவை சிகிச்சை செய்தார்கள், 9 நாள் என் வாழ்க்கையில் இல்லவே இல்லை. கை கால் நன்றாக இருக்கிறது. முடி வளர்ந்து தழும்பையும் மூடிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாரும் அடிபட்ட மாதிரியே தெரியவில்லையே என்கிறார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

அஞ்சாவது மாதம் வேலைக்குத் திரும்பினேன். 7 வாரம் தாக்குப்பிடித்தேன். ஒரே வவுச்சரை இரண்டு தடவை பதிவு செய்தேன், மீட்டிங்கில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எல்லாம் இரைச்சலாகத்தான் காதில் விழுந்தது, மதியம் இரண்டு மணிக்கு மேல் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே வேலையாக இருந்தது. இப்போது சம்பளம் இல்லாத விடுப்பில் இருக்கிறேன். மாதக் கடைசிக்குள் நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் மரியாதையாக இருக்கும் என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள். வருமான இழப்புக்கான காப்பீட்டையும் மறுத்துவிட்டார்கள். காரணம், டிஸ்சார்ஜ் சம்மரியில் ஜி.சி.எஸ் 15/15 என்று இருக்கிறதாம். முழு மார்க் வாங்கியவருக்கு என்ன குறை என்று போனில் ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். கையில் ஒரு பில். ஏழே ஏழு வரி. மூன்று தடவை கூட்டினேன், மூன்று தடவையும் வேறு வேறு விடை. நாலாவது வரிக்குப் போகும்போது மூன்றாவது வரை கூட்டி வைத்திருந்தது தலையில் இருந்து நழுவிவிடுகிறது. கூட்டல் கழித்தல்தான் எனக்குச் சோறு போட்டது. அங்கேயே நின்று அழுதேன், நிறுத்தவும் முடியவில்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாததும் ஒன்று இருக்கிறது. துணி அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய போர்வைக்கு அடியில், பிரிக்காத கவர்கள் 31 வைத்திருக்கிறேன். வீட்டுக் கடன், கார்டு பாக்கி, ஆஸ்பத்திரி பாக்கி. மனைவிக்குத் தெரியாது. செலவைக் குறைக்க மூன்று வாரமாகக் காலை மாத்திரையையும் விட்டுவிட்டேன், வலிப்பு வராமல் இருக்கக் கொடுத்த மாத்திரை, ராத்திரி மட்டும் போடுகிறேன். இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் பணத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

பழைய ஓட்டுநர்:
தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். அந்தக் காலை மாத்திரை. இன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டு மூன்று வாரமாக விட்டுவிட்டேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, எப்படித் திரும்ப ஆரம்பிப்பது என்று கேளுங்கள். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நானும் அதே காரணத்துக்காக அதையேதான் செய்தேன். எனக்கு அடிபட்டு 6 வருடம் ஆகிறது. இரண்டாவது வருடம் பணமுடையில் மாத்திரையை நிறுத்தினேன். 19 நாள் ஒன்றுமே ஆகவில்லை, பரவாயில்லையே என்று நினைத்தேன். இருபதாவது நாள் குளியலறையில் வலிப்பு வந்து, விழுந்து, மறுபடியும் தலையில் அடி. அதோடு வண்டி ஓட்டும் வேலை போயிற்று, 22 வருடம் பிடித்த ஸ்டியரிங். மிச்சம் பிடித்த காசைப் போலப் பல மடங்கு அந்த ஒரே ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

மாத்திரை விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அதையே டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதே மருந்து விலை குறைந்த பெயரில் கிடைக்குமா என்று அவர் பார்ப்பார். வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டது என் தப்பு.

மழைக்குருவி:
அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். நான் உங்கள் மனைவி இருக்கும் பக்கத்தில் இருக்கிறவள். என் கணவருக்குத் தலையில் அடிபட்டு மூன்று வருடம் ஆகிறது.

மனைவிக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். கவர் எத்தனை என்று தெரியாமல் இருக்கலாம், ஆனால் ஏதோ மறைக்கிறீர்கள் என்று அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். தெரியாத ஒன்றுக்குத் தினமும் பயப்படுவது, தெரிந்த கடனுக்குப் பயப்படுவதைவிட மோசம். என் கணவர் மறைத்தது இன்னொரு விதம். யாரோ போனில் பேசி, முன்பணம் கட்டினால் பெரிய தொகை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள், ஒரே மதியத்தில் மூன்று தடவை அனுப்பிவிட்டார். அடிபடுவதற்கு முன்பு ஒரு செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிற மனிதர் அவர். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதிதான் அவசரப்படாதே, யோசி என்று நம்மைப் பிடித்து இழுக்கிறதாம், அடி அங்கேதான் என்று பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. அதுவரைக்கும் நான் அவரைத் திட்டாத திட்டில்லை. இன்றைக்கு நினைத்தாலும் மனசு அடித்துக்கொள்கிறது.

அதற்கப்புறம் ஒரு ஏற்பாடு செய்தோம். வீட்டுச் செலவுக்கு ஒரு கணக்கு, அதில் இரண்டு பேரும் சம்மதித்தால்தான் பணம் வெளியே போகும். அவருக்குத் தனியாகச் சின்னக் கணக்கு ஒன்று, அதில் அவர் என்ன செய்தாலும் நான் கேட்கமாட்டேன். இரண்டாவது கணக்கு வேண்டும் என்று கேட்டது அவர்தான், எனக்கென்று ஒன்றாவது இருக்கட்டும் என்றார். அந்தப் பேச்சு எனக்கு மறக்கவில்லை.

மனசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் பக்கத்தில்தான் இருக்கிறார், ஆனாலும் பழைய அவரை நினைத்து ஏங்குகிறேன், அப்படி ஏங்குவதே துரோகம் மாதிரி இருந்தது. ஒரு கவுன்சிலர்தான் இதற்கு ‘ஆம்பிகுவஸ் லாஸ்’, தெளிவில்லாத இழப்பு என்று பெயர் இருக்கிறது என்று சொன்னார். 1970களில் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களோடு பேசிப் பேசி, இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பைப் பற்றி பாலின் பாஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதத் தொடங்கினாராம். ஆள் கண்முன்னால் இருந்தும் பழைய ஆளாக இல்லாத வீடுகளையும் அதில் சேர்த்திருக்கிறார். பெயர் தெரிந்ததால் வலி குறையவில்லை, ஆனால் நான் கெட்டவள் இல்லை என்று தெரிந்தது.

உறுதிமொழி:
எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். மனசு உறுதியாக இருந்தால் எதையும் ஜெயிக்கலாம். என் நண்பருக்கும் தலையில் அடிதான், மூன்றே மாதத்தில் பழையபடி ஆகிவிட்டார். நோயாளி என்று நினைத்துக்கொண்டே இருந்தால் நோயாளியாகவேதான் இருப்போம், எழுந்து நடங்கள் சார்.

கைத்தறி:
உறுதிமொழி, உங்கள் நண்பர் தேறியதில் சந்தோஷம். ஆனால் ஒருவர் தேறிய கதையை அளவுகோலாக இன்னொருவர் தலையில் வைக்காதீர்கள். நான் 11 வருடமாக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குவது, தலையில் அடிபட்டவர்களோடுதான் வேலை. ஒரே மாதிரி அடிபட்ட இரண்டு பேரை நான் பார்த்ததில்லை. இவருக்கு உறுதி இல்லாமலா மதியத் தூக்கத்தோடு போராடி 7 வாரம் ஆபீஸ் போனார்?

நிழல்தேடி, அந்த 15/15 விஷயத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஜி.சி.எஸ் என்பது கிளாஸ்கோ கோமா ஸ்கேல். 1974இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரண்டு மருத்துவர்கள், நினைவிழந்து கிடப்பவரின் நிலையை எல்லாரும் ஒரே மாதிரி குறித்து வைக்க வேண்டும் என்பதற்காகக் கொண்டுவந்தது. கண்ணைத் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, சொன்னபடி உடம்பை அசைப்பதற்கு 6, ஆக 15. குறைந்தபட்சமே 3தான், பூஜ்யம் கிடையாது. 15 என்றால் விழித்திருக்கிறார், தெளிவாகப் பதில் சொல்கிறார், கையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறார், அவ்வளவுதான் அர்த்தம். கணக்குப் போட முடியுமா, நாலு பேர் பேசும்போது ஒருவர் பேச்சைப் பிடிக்க முடியுமா, எட்டு மணி நேரம் வேலை தாங்குமா என்பதையெல்லாம் அது கேட்பதே இல்லை.

அதையெல்லாம் அளப்பதற்கு நியூரோசைக்காலஜி பரிசோதனை என்று தனியாக இருக்கிறது. சில மணி நேரம் உட்கார வேண்டும், ஞாபகம், கவனம், வேகம், திட்டமிடுதல் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். நீங்கள் நாலாவது வரியில் மூன்றாவது நழுவுகிறது என்று எழுதினீர்களே, அதுவும் அதில் எண்ணாகவே வரும். அந்த அறிக்கையை வைத்துக் காப்பீட்டு மறுப்புக்கு மேல்முறையீடு செய்யுங்கள். மறுப்புக் கடிதத்தில் எத்தனை நாளுக்குள் என்று போட்டிருப்பார்கள், அந்தத் தேதியை முதலில் பாருங்கள். அது அந்த 31 கவரில் ஒன்றாக இருந்தால் இன்றைக்கே தேடி எடுங்கள்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லையே என்றும் சொல்வார்கள். தலை வேகமாகக் குலுங்கி நிற்கும்போது மூளைக்குள்ளே இருக்கிற நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு அறுந்துபோகலாம். சாதாரண சி.டி.யில் அது பெரும்பாலும் கண்ணில் படாது. ஒன்றரைக் கிலோகூட இல்லாத மூளை, சும்மா இருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. பாதை அறுந்தபின் அதே வேலையைச் சுற்றிச் சுற்றிப் போய்ச் செய்ய வேண்டியிருக்கிறது, இரண்டு மணிக்குக் கண் செருகாமல் என்ன செய்யும்.

இன்னொன்று. நீங்கள் போடும் வலிப்பு மாத்திரை லெவெடிராசெட்டமாக இருந்தால், சிலருக்கு அதனால் எரிச்சலும் கோபமும் மனச்சோர்வும் வரும். அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று இருக்கிறது. நீங்களாக நிறுத்துவதுதான் ஆபத்து, அண்ணன் மேலே சொன்னதை நான் அப்படியே வழிமொழிகிறேன்.

நிழல்தேடி: (இரவு 11.40)
எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். டாக்டரிடம் பேசிவிட்டேன், திட்டவில்லை, மாத்திரையை எப்படித் தொடர்வது என்று சொல்லியிருக்கிறார், எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். கோபம் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம். நேற்று மகள் ஒரு ஸ்பூனைக் கீழே போட்டாள், அந்தச் சத்தம் மண்டைக்குள் ஆணி இறங்கிய மாதிரி இருந்தது, கத்திவிட்டேன். அவள் இப்போது நடக்கும்போதே சத்தம் வராமல் கால் நுனியில் நடக்கிறாள். ஏழு வயது.

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. சில ராத்திரிகளில் நான் இல்லாமல் போனால் ஆயுள் காப்பீட்டுப் பணமாவது இவர்களுக்குக் கிடைக்குமே என்று தோன்றுகிறது. கணக்கு போட முடியாத எனக்கு அந்த ஒரு கணக்கு மட்டும் சரியாக வருகிறது.

பழைய ஓட்டுநர்: (இரவு 11.46)
தம்பி, நேராகவே கேட்கிறேன். செத்துவிடலாம் என்று இப்போது நினைக்கிறீர்களா? எப்படி என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறீர்களா? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

நிழல்தேடி: (இரவு 11.58)
யோசித்து வைக்கவில்லை. எண்ணம் மட்டும் வந்து போகிறது. மனைவி பக்கத்து அறையில் தூங்குகிறாள்.

பழைய ஓட்டுநர்: (இரவு 11.59)
எழுப்புங்கள். இப்போதே. இந்தத் திரையில் எழுதியதை அப்படியே காட்டினாலும் போதும், வாயால் சொல்ல வேண்டாம். மாத்திரை டப்பாவை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். எண்ணம் அதிகமானால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உங்கள் பகுதி அவசர எண்ணுக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ போன் போடுங்கள், இல்லை நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எனக்கும் இந்த எண்ணம் வந்தது. என் அக்காவைத்தான் எழுப்பினேன். நான் இங்கேயே விழித்திருக்கிறேன்.

கைத்தறி: (இரவு 12.10)
நானும் இருக்கிறேன். தலையில் அடிபட்டவர்களுக்கு மனச்சோர்வு ரொம்பவே சகஜம், தற்கொலை எண்ணமும் மற்றவர்களைவிட அதிகம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது, பலன் கொடுக்கிறது. நாளைக்கு டாக்டரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள், குறைத்துச் சொல்லாதீர்கள்.

நிழல்தேடி: (மறுநாள் மாலை)
எழுப்பினேன். போனை நீட்டினேன், அவள் படித்தாள். ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்து அந்தப் போர்வையை எடுத்து வெளியே வைத்தாள். எனக்கு எட்டு மாசமாகத் தெரியும், நீங்கள் சொல்லுவீர்கள் என்று காத்திருந்தேன், தொட்டால் உங்களுக்கு அவமானமாக இருக்கும் என்று தொடவில்லை என்றாள். மழைக்குருவி, நீங்கள் சொன்னது சரி.

காலையில் இரண்டு பேரும் டாக்டரைப் போய்ப் பார்த்தோம். மனநல மருத்துவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், நாளை மறுநாள். நியூரோசைக்காலஜி பரிசோதனைக்கும் தேதி கிடைத்தது. மாத்திரை டப்பா இப்போது அவளிடம்.

மழைக்குருவி:
அண்ணா, அண்ணியிடம் சொல்லுங்கள், அவருக்குப் பேச ஆள் வேண்டும் என்றால் நான் இருக்கிறேன். எட்டு மாதம் போர்வையைத் தொடாமல் இருந்த கை. அவரையும் யாராவது தூங்க வைக்க வேண்டும்.

நிலைப்படி:
தாமதமாக வருகிறேன். நான் ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன், அதனால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து பேசுகிறேன். ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள். மரியாதை என்று அவர்கள் சொல்வதை நம்பி எழுதிவிட்டால் உங்களுக்குச் சேர வேண்டிய பல விஷயங்கள் அந்த ஒரு கையெழுத்தில் போய்விடலாம். அவகாசம் வேண்டும் என்று மட்டும் மின்னஞ்சலில் பதில் போடுங்கள், போனில் பேசினால் பேசியதை அன்றைக்கே எழுதி அனுப்பிவிடுங்கள். உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவரைக் கையெழுத்துக்கு முன்பு ஒரு தடவையாவது பாருங்கள்.

பரிசோதனை அறிக்கை வந்ததும், முடியவில்லை என்று பொதுவாக எழுதாமல் என்ன வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். காலை நாலு மணி நேரம் மட்டும், தனி மேஜை, வாய்ச்சொல்லாக இல்லாமல் எழுத்தில் வேலை, பதிவு செய்த வவுச்சரை இன்னொருவர் ஒரு தடவை பார்ப்பது, மூன்று மாதம் கழித்து மறுபடியும் பேசுவது. இப்படிக் கேட்டால் மேலதிகாரிக்கு ஆம் என்று சொல்வது சுலபம்.

நாலு வருடத்துக்கு முன்பு இதே மாதிரி ஒருவர் என் எதிரில் உட்கார்ந்தார். நன்றாகத்தானே பேசுகிறார் என்று நினைத்து அவருடைய ராஜினாமாவை வாங்கி ஃபைலில் வைத்தேன். அப்போது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயற்சியும் செய்யவில்லை. இந்த இழையைப் படித்தபிறகு அவருடைய எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கைத்தறி:
நிலைப்படி, கட்டாயம் கூப்பிடுங்கள். இதில் புதிதாக ஒன்றும் இல்லை. 1848இல் அமெரிக்காவில் ஃபினியஸ் கேஜ் என்ற ரயில்பாதை மேஸ்திரிக்கு இரும்புக் கம்பி கன்னத்தில் ஏறி மண்டை வழியாக வெளியே போயிற்று, பிழைத்தார். மூளை பற்றிய பாடம் எல்லாவற்றிலும் அவர் வருவார், குணம் மாறிப்போன மனிதர் என்று. பழைய வேலைக்கு அவரைத் திரும்ப எடுக்கவில்லை என்பதையும், அப்புறம் சிலி நாட்டில் பல வருடம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதையும் சொல்பவர்கள் குறைவு. தினமும் ஒரே நேரம், ஒரே மாதிரி வேலை. இன்றைக்கு நாங்கள் நோயாளிகளுக்கு ஏற்பாடு செய்ய முயல்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

பழைய ஓட்டுநர்:
அவரும் ஓட்டுநரா. எனக்குத் தெரியாது இது.

உறுதிமொழி:
சார், நான் முதலில் எழுதியதற்கு மன்னிக்கவும். நேற்று அந்த நண்பரிடம் பேசினேன், நிஜமாகவே பழையபடி ஆகிவிட்டாயா என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன்.

நிழல்தேடி: (12 நாள் கழித்து)
நிறைய பேர் தனிச்செய்தியில் விசாரித்திருந்தீர்கள், ஒவ்வொருவருக்கும் எழுதச் சக்தி இல்லை, அதனால் இங்கேயே.

கவர்களை ஒரு நாளைக்கு நாலு என்று பிரிக்கிறோம், காலை பத்து மணிக்கு, தலை தெளிவாக இருக்கும் நேரத்தில். அவள் கத்தரியால் வெட்டிப் படித்துச் சொல்வாள், நான் ஒரு நோட்டில் யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி என்று மூன்றே பத்தியில் எழுதுவேன். நாலு முடிந்தால் நோட்டை மூடிவிட வேண்டும் என்பது அவள் போட்ட விதி. நடுவில் ஆஸ்பத்திரி நாட்கள் போய்விட்டன. காப்பீட்டு மறுப்புக் கடிதம் ஒன்பதாவது கவரில் இருந்தது, மேல்முறையீட்டுக்கு இன்னும் 17 நாள் இருக்கிறது. வீட்டுக் கடன் கொடுத்தவர்களிடம் அவள் பேசினாள், நான் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன், கொஞ்ச மாதத்துக்குத் தவணையைக் குறைத்துக்கொள்ள எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். தருகிறோம் என்று இன்னும் சொல்லவில்லை. ஆபீஸுக்கு நிலைப்படி சொன்ன மாதிரியே மின்னஞ்சல் போட்டோம், பதில் இல்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள், பலன் தெரிய சில வாரம் ஆகும் என்றார். அந்த எண்ணம் இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் அவளிடம் சொன்னேன்.

மகளிடம், அப்பா மண்டைக்குள் இன்னும் புண் ஆறவில்லை, அதனால்தான் சத்தம் வலிக்கிறது, உன்மேல் கோபம் இல்லை என்று சொன்னேன். அவள் என் தலையைத் தடவிப் பார்த்து எங்கே என்று கேட்டாள். முடியை விலக்கித் தழும்பைக் காட்டினேன். விரலால் ஒரு முனையில் இருந்து இன்னொரு முனை வரை தொட்டுப் பார்த்தாள்.

20 கவர் பிரித்தாயிற்று. மிச்சம் 11. நாளைக்கு நாலு.